கொழுப்பு குறையும்போதே தசையும் கூட: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பன்னிரண்டு வாரத்தில் ஒருவருக்கு 4 கிலோ கொழுப்பு கரைந்து 1.5 கிலோ தசை கூடியிருந்தால், எடை இயந்திரத்தில் குறைந்திருப்பது 2.5 கிலோ மட்டுமே. இன்னொருவர் அரைப் பட்டினி கிடந்து 1.5 கிலோ கொழுப்பையும் 1 கிலோ தசையையும் இழந்திருந்தாலும் இயந்திரம் அதே 2.5 கிலோவைத்தான் காட்டும். இருவரின் உடலிலும் நடந்திருப்பது நேர் எதிரான விஷயங்கள். அதனால் எடையை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். தூக்கும் பளு ஏறுகிறதா, இடுப்புச் சுற்றளவு இறங்குகிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். கீழே வரும் சாப்பாடு, பயிற்சி, தூக்கம் எல்லாமே அந்த இரண்டு எண்களையும் சரியான பக்கம் நகர்த்துவதற்கான வேலைகள்.

இது எப்படிச் சாத்தியம், யாருக்குச் சாத்தியம்

செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் தசை வளர்வதற்கான சக்தி எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயம்தான். உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பே அந்தச் சக்தி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஆனால் கொழுப்பால் சக்தியைத் தர முடியுமே தவிர, தசையாக மாற முடியாது. தசைக்கான மூலப்பொருள் புரதம். அது சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். சக்தியும் மூலப்பொருளும் இருந்தும், ‘இந்தத் தசை போதவில்லை, இன்னும் வேண்டும்’ என்று உடலுக்கு உணர்த்த ஒன்று தேவை. அதைப் பளுப் பயிற்சி செய்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீணாகும்.

பளுப் பயிற்சி இதுவரை செய்யாதவர்கள், முன்பு செய்துவிட்டு நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள், உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் ஆகிய மூன்று வகையினருக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் நன்றாகவே நடக்கும். பல வருடங்களாக முறையாகப் பயிற்சி செய்து, ஏற்கெனவே ஒல்லியாகவும் கட்டாகவும் இருப்பவருக்கு இது மிக மெதுவாக நடக்கும். அவர் தசை வளர்க்கச் சில மாதம், கொழுப்பைக் குறைக்கச் சில மாதம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. வயது ஒரு தடை இல்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் பளுப் பயிற்சியில் தசை கூடும். அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவையும்கூட.

சிறுநீரக நோய், இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படித்தான்: சாப்பாடு குறைந்து பயிற்சி கூடும்போது பழைய மருந்தளவே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் வயதினர், உணவுக் கோளாறு இருந்தவர்கள் ஆகியோர் இங்கே சொல்லும் கலோரிக் குறைப்பைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

படி 1: தொடங்கும் நாளின் அளவுகள்

காலையில் எழுந்து, கழிவறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எடைக்கு மதிப்பில்லை. தினமும் குறித்து, ஏழு நாள் சராசரியை எடுத்து, அதை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். முந்தின நாள் உப்பு அதிகமானாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ ஒரே இரவில் ஒரு கிலோ ஏறி இறங்கும். அது கொழுப்பு இல்லை.

இடுப்பளவை இஞ்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் எடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்ட பிறகு, டேப் தோலை அழுத்தாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். வாரம் ஒரு முறை போதும். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் இரண்டு மாதப் படங்களை அருகருகே வைத்தால் தெரியும்.

மாதவிடாய் சுழற்சியில் சில நாட்கள் உடலில் நீர் கோத்து எடை ஏறும். பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் இராது.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை இயந்திரங்கள் உடலுக்குள் சிறு மின்சாரத்தை ஓடவிட்டு, அதன் தடையை வைத்துக் கணக்கிடுகின்றன. குடித்த தண்ணீரைப் பொறுத்தே அந்த எண் மாறிவிடும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

படி 2: எவ்வளவு சாப்பிடுவது

முதலில் உடலின் அன்றாடச் செலவைத் தோராயமாகக் கணக்கிட வேண்டும். 1990-இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டவும், பெண் என்றால் 161 கழிக்கவும் வேண்டும். இது படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி. உட்கார்ந்து வேலை பார்த்து, வாரம் மூன்று நாள் பயிற்சி செய்பவர் இதை 1.375-ஆல் பெருக்கினால் நாள் செலவு கிடைக்கும்.

80 கிலோ எடை, 170 சென்டிமீட்டர் உயரம், 30 வயதுள்ள ஆணுக்கு இது 1,718 கலோரி, 1.375-ஆல் பெருக்கினால் சுமார் 2,360. 65 கிலோ, 158 சென்டிமீட்டர், 35 வயதுள்ள பெண்ணுக்கு 1,302. பெருக்கினால் சுமார் 1,790.

இதிலிருந்து 15 சதவீதம் குறையுங்கள். அந்த ஆணுக்கு 2,000, அந்தப் பெண்ணுக்கு 1,520 கலோரி. உடலில் கொழுப்பு நிறைய இருப்பவர் 20 சதவீதம் வரை போகலாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர் ஒன்றுமே குறைக்க வேண்டாம், அல்லது 5 சதவீதம் குறைத்தால் போதும். அவருக்கு முதல் தேவை தசை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். 15 சதவீதம் குறைத்தால் நல்லது என்றால் 40 சதவீதம் குறைத்தால் இன்னும் வேகமாகப் போகலாமே என்று தோன்றும். நார்வே விளையாட்டு வீரர்களை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழு வாரம் உடல் எடையில் 0.7 சதவீதமும் இன்னொரு குழு 1.4 சதவீதமும் குறைக்க முயன்றன. இரு குழுவும் பளுப் பயிற்சி செய்தன. மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பற்ற உடல் எடை (தசை, எலும்பு, நீர் எனக் கொழுப்பு தவிர்த்த எல்லாம்) 2.1 சதவீதம் கூடியது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கூடவில்லை. வாரம் அரை சதவீதம், அதாவது 80 கிலோ உள்ளவருக்கு 400 கிராம் குறைந்தாலே நல்ல வேகம்தான்.

சூத்திரம் தரும் எண் ஒரு தொடக்கப் புள்ளி. இருவர் ஒரே எடை, உயரம், வயதில் இருந்தாலும் செலவில் சில நூறு கலோரி வித்தியாசம் இருக்கலாம். மூன்று வாரம் அந்த எண்ணில் சாப்பிட்டுப் பார்த்து, சராசரி எடை நகரும் விதத்தை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அளப்பதற்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். வாழ்நாள் முழுக்க அளக்க வேண்டியதில்லை; நான்கு வாரம் அளந்தாலே கண் பழகிவிடும். அந்த நான்கு வாரமும் எண்ணெயை அளக்காமல் விடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. வாணலியில் கண்ணளவில் ஊற்றும்போது இரண்டு கரண்டி கூடினால், அன்றைக்குக் குறைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். கொறிக்கும் கொட்டைப் பருப்புகள், பழச்சாறு, தேநீரில் போடும் சர்க்கரை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

வார இறுதியையும் கவனியுங்கள். ஐந்து நாள் தினமும் 350 கலோரி குறைத்தால் 1,750. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 900 கூடுதலாகச் சாப்பிட்டால் 1,800. வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்ததாக மனம் சொல்லும். கணக்கில் எதுவும் குறைந்திருக்காது.

படி 3: புரதம்

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 1.6 முதல் 2.2 கிராம் புரதம். 1.8 என்று வைத்துக்கொண்டால் எளிது: 80 கிலோ உள்ளவருக்கு 140 கிராமை ஒட்டி, 65 கிலோ உள்ளவருக்கு 115 கிராமை ஒட்டி. உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள் இப்போதைய எடைக்குப் பதிலாக, அடைய நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். 120 கிலோ உள்ளவர் 216 கிராம் புரதம் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

புரதத்துக்கு இவ்வளவு அழுத்தம் ஏன்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதிக எடையுள்ள 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்து, கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பற்ற எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது, 3.5 கிலோ கொழுப்பு குறைந்தது. 2.4 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பற்ற எடை 1.2 கிலோ கூடியது, 4.8 கிலோ கொழுப்பு குறைந்தது. அந்த 40 சதவீதக் குறைப்பு கண்காணிப்புக்குள் நான்கு வாரம் மட்டும் நடந்தது. அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். புரதம் ஏற்படுத்தும் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதில் எவ்வளவு என்று மனதில் பதிந்துவிட்டால் தட்டைப் பார்த்தே கணக்குப் போடலாம். ஒரு முட்டையில் 6 கிராம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமில் 22–23 கிராம், வெந்த பிறகு 100 கிராமில் சுமார் 31. மீனில் 20 கிராமை ஒட்டி. உலர்ந்த பருப்பு 100 கிராமில் 22–24. அதே பருப்பு வெந்த பிறகு 100 கிராமில் 8–9 மட்டுமே, ஏனென்றால் மீதி தண்ணீர். சோயா உருண்டைகள் உலர்ந்த நிலையில் 100 கிராமில் 50-ஐத் தாண்டும். பால் 100 மில்லியில் 3.3, தயிரில் 3.5–4. பனீரில் 18–20, ஆனால் கூடவே அதே அளவு கொழுப்பும் வரும். நிலக்கடலையைப் புரத உணவு என்று நினைத்துக் கை நிறைய அள்ளுகிறவர்கள் கவனிக்க: 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, 560 கலோரிக்கு மேலும் இருக்கிறது.

பச்சை எடையா, வெந்த எடையா என்பதில்தான் கணக்கு அடிக்கடி தவறுகிறது. சமைக்கும் முன்பே எடை போடுவது என்று ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

140 கிராம் எப்படி வரும் என்பதற்கு ஒரு நாள் கணக்கு: 4 முட்டை (24), பச்சையாக 150 கிராம் கோழி (34), உலர்ந்த பருப்பு 80 கிராம் (19), சோயா 50 கிராம் (26), பால் 400 மில்லி (13), தயிர் 200 கிராம் (7). இதுவரை 123. மீதி 15 முதல் 20 கிராம் தானியத்திலிருந்தும் காய்கறியிலிருந்தும் தானாகவே சேர்ந்துவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் கோழிக்கும் முட்டைக்கும் பதிலாகச் சோயா, டோஃபு, பால் பொருட்கள், பருப்பு ஆகியவற்றின் அளவைக் கூட்டலாம். அப்படியும் எட்டவில்லை என்றால் ஒரு கரண்டி வே புரோட்டீன் 20–25 கிராம் தரும். அது பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். சாப்பாட்டிலேயே அளவு எட்டிவிடுபவருக்கு அது தேவையில்லை.

மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் 25 முதல் 40 கிராம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று பதற வேண்டாம். நாளின் மொத்த அளவுக்குத்தான் முதலிடம்.

மீதிக் கலோரியில் கொழுப்புச்சத்து கிலோவுக்கு 0.8 கிராம் வரை இருக்கட்டும். ரொம்பக் குறைத்தால் ஹார்மோன்கள் பாதிக்கப்படும். அதன் பிறகு மிஞ்சுவது எல்லாம் மாவுச்சத்துக்கு. 2,000 கலோரிக் கணக்கில் இது 210 கிராமுக்கு மேல் வரும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைவதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேமித்திருந்த மாவுச்சத்து தீரும்போது, ஒவ்வொரு கிராமும் பிடித்துவைத்திருந்த சுமார் மூன்று கிராம் தண்ணீரும் வெளியேறுகிறது. பெரும்பாலும் அதுதான் குறைந்தது. பளு தூக்கத் தேவைப்படும் எரிபொருளும் கூடவே போய்விடும்.

படி 4: பளுப் பயிற்சி

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும். புதியவருக்கு ‘இன்று நெஞ்சு, நாளை முதுகு’ என்று பிரிப்பது தேவையில்லை. ஒவ்வொரு அசைவையும் அடிக்கடி செய்தால்தான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும். கீழே ‘ரெப்’ என்பது ஓர் அசைவை ஒரு முறை செய்வது; ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு ‘செட்’.

முதல் பயிற்சி:
- ஸ்குவாட் (டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழுவது): 3 செட், 8–12 ரெப்
- டம்பெல் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து மேலே தள்ளுவது): 3 செட், 8–12 ரெப்
- ஒரு கை டம்பெல் ரோ (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது): ஒவ்வொரு கைக்கும் 3 செட், 8–12 ரெப்
- கெண்டைக்கால் உயர்த்தல்: 2 செட், 10–15 ரெப்
- பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது): 2 முறை, 30–45 வினாடி

இரண்டாம் பயிற்சி:
- ருமேனியன் டெட்லிஃப்ட் (பளுவைப் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது): 3 செட், 8–12 ரெப்
- டம்பெல் ஓவர்ஹெட் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது): 3 செட், 8–12 ரெப்
- லாட் புல்டவுன் (இயந்திரத்தின் கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுப்பது): 3 செட், 8–12 ரெப்
- பின்னால் கால் வைக்கும் லஞ்ச் (ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது): காலுக்கு 2 செட், 8–12 ரெப்
- புஷ்-அப்: 2 செட், முடிந்த அளவில் ஒன்றிரண்டு குறைவாக

ஒரு வாரம் முதல், இரண்டாம், முதல். அடுத்த வாரம் இரண்டாம், முதல், இரண்டாம். தொடங்கும் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றிலும் 2 செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மறுநாள் படி இறங்க முடியாத வலி வந்து, மூன்றாம் நாள் பயிற்சி தவறிப்போகும். வீட்டில் லாட் புல்டவுன் இல்லாதவர்கள் உறுதியான இடத்தில் மாட்டிய ரெசிஸ்டன்ஸ் பேண்டை மேலிருந்து கீழே இழுக்கலாம்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அதே அசைவைப் பாதிப் பளுவில் 8 முறை செய்து மூட்டுகளைச் சூடாக்குங்கள். செட்டுகளுக்கு இடையே 2 நிமிடம், ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றுக்கு 3 நிமிடம் வரை ஓய்வு. ‘மூச்சு வாங்கினால்தான் கொழுப்பு கரையும்’ என்று 30 வினாடியில் அடுத்த செட்டுக்குப் போனால், தசை களைக்கும் முன்பே மூச்சு வாங்கி நிறுத்திவிடுவீர்கள். தூக்கும் பளு குறையும். தசைக்குக் கிடைக்கும் வேலையும் குறையும். பளுவைத் தள்ளும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். இறக்க இரண்டு வினாடியாவது ஆகட்டும்.

எவ்வளவு பளு எடுப்பது என்பதற்கு ஒரு சோதனை: செட் முடியும்போது இன்னும் சரியான அசைவில் எத்தனை முறை செய்திருக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று வரை என்றால் சரியான பளு. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கே இருக்கிறது: 20 முறை செய்யக்கூடிய பளுவை எடுத்து, அட்டையில் 12 என்று எழுதியிருப்பதால் 12-இல் நிறுத்துகிறார்கள். வியர்வை வரும், நேரம் போகும், தசைக்கு எந்தச் செய்தியும் போகாது. கடைசி இரண்டு மூன்று ரெப்பில் பளுவைத் தூக்கும் வேகம் தானாகக் குறைய வேண்டும். அதுதான் அடையாளம்.

பளுவை ஏற்றும் முறை: 10 கிலோவில் 8–12 ரெப் என்று தொடங்குகிறீர்கள். முதல் நாள் 10, 9, 8 வருகிறது. குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒரு செட்டிலாவது ஒரு ரெப் கூட்டப் பாருங்கள். மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு பளுவை ஏற்றுங்கள். ரெப் மறுபடி 8–9-க்கு இறங்கும், திரும்ப ஏறுங்கள். சிறிய டம்பெல்களில் ஒரு சிக்கல் வரும். 5 கிலோவிலிருந்து 7.5-க்குப் போவது ஐம்பது சதவீதத் தாவல். ஓவர்ஹெட் பிரஸில் பலரும் இங்கேதான் மாதக்கணக்கில் நின்றுவிடுவார்கள். அப்போது 15 ரெப் வரை ஏறிவிட்டுத் தாவுங்கள், அல்லது அரை கிலோ, ஒரு கிலோ தட்டுகள் மாட்டக்கூடிய டம்பெல் கம்பியைப் பயன்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் நோட்டு வேண்டும். தேதி, பயிற்சி, பளு, ரெப் என்ற நான்கு விஷயம் போதும். போன முறை என்ன தூக்கினோம் என்று தெரியாமல் ஜிம்முக்குப் போகிறவர் ஒரு வருடம் கழித்தும் அதே டம்பெல்லைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அதே காரணத்தால் வாரத்துக்கொரு புதுப் பயிற்சி என்று மாற்றவும் வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒரே பட்டியலோடு இருங்கள்.

தசையில் எரிச்சலும் மறுநாள் மந்தமான வலியும் இயல்பு. மூட்டில் குத்தும் வலி, கை காலில் பரவும் மரத்துப்போதல், நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ருமேனியன் டெட்லிஃப்டில் இடுப்பைப் பின்னால் தள்ளித்தான் குனிய வேண்டும். முதுகை வளைத்துக் குனிந்தால் பளு முழுக்கக் கீழ் முதுகில் இறங்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு செட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு போகும் என்பது உண்மையில்லை. தசை வலுப்படும், அதன் மேலிருக்கும் கொழுப்பு உடல் முழுவதும் குறையும்போது, பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்யும் வரிசையில்தான் குறையும். பலருக்குக் கடைசியாகப் போவது வயிறுதான்.

படி 5: நடையும் தூக்கமும்

ஒரு நாளில் 7,000 முதல் 10,000 அடிகள் நடங்கள். சாப்பாடு குறையும்போது உடல் நமக்குத் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும்: நின்று செய்ததை உட்கார்ந்து செய்வோம், எழுந்து போவதற்குப் பதில் கூப்பிடுவோம். அடிகளை எண்ணினால் அது பிடிபடும். தனியாகக் கார்டியோ (ஓட்டம், சைக்கிள் போன்றவை) பிடித்தவர்கள் வாரம் இரண்டு முறை 20–30 நிமிடம் செய்யலாம். பளுப் பயிற்சிக்கு முன்னால் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு ஸ்குவாட் ஏறவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. கைக்கடிகாரம் ‘600 கலோரி எரித்தீர்கள்’ என்று காட்டினால் அதை நம்பி அந்த அளவு கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். அவை பெரும்பாலும் கூட்டிக் காட்டும்.

தூக்கத்தைக் கடைசியில் சொல்வதால் அது சிறிய விஷயம் ஆகாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே ஆட்களை இரண்டு வாரம் 8.5 மணி நேரமும், வேறு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். சாப்பாட்டின் கலோரிக் குறைப்பு மாறவில்லை. குறைந்த மொத்த எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போனது, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதி கொழுப்பற்ற உடலிலிருந்து போனது. பசியும் அப்போது அதிகமாக இருந்தது. ஏழு மணி நேரம் தூங்க முடியாத வாரத்தில் கலோரியை மேலும் குறைக்காதீர்கள்.

துணை உணவுகளில் பரிசீலிக்கத் தகுந்தது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றுதான். தினமும் 3–5 கிராம், எந்த நேரத்திலும். இது தசைக்குள் நீரைச் சேர்ப்பதால் எடை ஒரு கிலோ வரை ஏறலாம். பயந்து நிறுத்த வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று விற்பவற்றின் பக்கமே போகாதீர்கள்.

படி 6: எண்களைப் படிப்பது

முதல் இரண்டு வாரத்தில் எடை குறையாமல், சிலருக்குக் கூடவும் செய்யும். புதிய பயிற்சியால் தசைகளில் நீர் சேர்வதே காரணம். அதனால் மூன்றாம் வாரம் முடியும்வரை சாப்பாட்டு அளவை மாற்றாதீர்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நோட்டையும் டேப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இடுப்பு இறங்குகிறது, பளு ஏறுகிறது, எடை அப்படியே நிற்கிறது: நீங்கள் தேடி வந்தது இதுதான். எதையும் தொடாதீர்கள். ‘எடை நின்றுவிட்டது’ என்று இந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

எடையும் இடுப்பும் வேகமாக இறங்குகின்றன, பளுவும் தொடர்ந்து இறங்குகிறது: குறைப்பு அதிகமாகிவிட்டது, அல்லது தூக்கம் போதவில்லை. தினமும் 150–200 கலோரி, முக்கியமாகப் பயிற்சிக்கு முந்தைய வேளையில் மாவுச்சத்தாகக் கூட்டுங்கள்.

பளு ஏறுகிறது, எடையும் ஏறுகிறது, நான்கு வாரமாக இடுப்பு அசையவில்லை அல்லது கூடுகிறது: தசை வளர்கிறது, கொழுப்பு போகவில்லை. எண்ணெய், கொறியல், வார இறுதி மூன்றையும் ஒரு வாரம் கிராம் கணக்கில் எழுதிப் பாருங்கள். கசிவு எதுவும் தெரியாவிட்டால் மட்டும் 150–200 கலோரி குறையுங்கள்.

எதுவுமே நகரவில்லை: சாப்பாட்டுக் கணக்கு, பளுவின் கடினம் இரண்டும் தளர்ந்திருக்கும். முதலில் பயிற்சியைச் சரிசெய்யுங்கள். செட்டின் முடிவில் மிச்சமிருக்கும் ரெப் உண்மையிலேயே மூன்றுக்குள் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

தொடக்க மாதங்களில் பளு வேகமாக ஏறுவதில் பெரும்பங்கு நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையின் அளவு கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கலோரிக் குறைப்பில் இருக்கும்போது மாதம் அரை கிலோ தசை கூடினாலே நல்ல பலன். பெண்களுக்கு அதைவிடக் குறைவாக இருக்கும்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் ஒன்று அல்லது இரண்டு வாரம் உடல் செலவழிக்கும் அளவுக்கே சாப்பிட்டு, அதே பயிற்சியைத் தொடருங்கள். மாவுச்சத்து கூடுவதால் எடை ஒரு கிலோ ஏறும், அது நீர். பிறகு புதிய எடையை வைத்துச் சூத்திரத்தை மறுபடி போடுங்கள், ஏனென்றால் சிறிய உடலுக்குச் செலவும் குறைவு. இடுப்பு இன்னும் இறங்க வேண்டும் என்றால் 15 சதவீதக் குறைப்போடு அடுத்த சுற்று. இடுப்பளவு போதும், பளு மட்டும் நின்றுவிட்டது என்றால் இனி கலோரியைக் குறைக்காமல், நெஞ்சு, முதுகு, கால் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு 10 செட் வரும்படி பயிற்சியைக் கூட்டுங்கள்.